எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், வயிறு மட்டும் நார்மல் இல்லை

கேள்வியின் சுருக்கம்: வயது 34. எட்டு மாதங்களுக்கு முன் ஒரு பயணத்தில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் ஒரு வாரம் கடுமையான பேதி. அது நின்ற பிறகும் வயிறு பழைய நிலைக்கு வரவில்லை. உப்புசம், இடது அடிவயிற்றில் பிடிப்பு, ஒரு நாள் இளக்கமாகவும் மறுநாள் கட்டியாகவும் மலம். ரத்தப் பரிசோதனைகள், மலத்தில் கால்ப்ரொடெக்டின், வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி எல்லாம் நார்மல். ஆனாலும் எங்கோ புற்றுநோய் ஒளிந்திருக்கிறது என்ற பயம் போகவில்லை. ராத்திரியெல்லாம் இணையத்தில் தேடுகிறேன். பல உணவுகளை நிறுத்திவிட்டேன், 3 கிலோ எடையும் குறைந்துவிட்டது. இன்னொரு கொலோனோஸ்கோபி செய்துகொள்ளலாமா? இந்தப் பயத்திலிருந்து எப்படி வெளியே வருவது?

பதில்:

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இப்போதைக்கு இன்னொரு கொலோனோஸ்கோபி வேண்டாம். உங்கள் வயதில், ரத்தசோகை இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை, குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் கால்ப்ரொடெக்டின் நார்மல், சில மாதங்களுக்கு முன் உள்ளே கேமரா விட்டுப் பார்த்ததிலும் ஒன்றும் இல்லை. இந்த நிலையில் அதையே திரும்பச் செய்து புதிதாக எதையாவது கண்டுபிடிக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. எடை விஷயம் மட்டும் தனி, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் இந்தப் பதில் உங்களுக்கு எத்தனை நாள் தாங்கும்? முதல் ரிப்போர்ட் வந்தபோது கிடைத்த நிம்மதி எத்தனை நாள் தாங்கியது என்று யோசித்துப் பாருங்கள். இங்கே இரண்டு பிரச்சினைகள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கிடக்கின்றன. ஒன்று வயிறு, இன்னொன்று பயம். வயிற்றுக்கான பரிசோதனைகள் வயிற்றைப் பற்றி மட்டும்தான் பதில் சொல்லும். பயம் கேட்பதோ "எனக்கு எதுவுமே வராது என்று நூறு சதவீதம் உறுதியா?" என்று. அந்தக் கேள்விக்குப் பதில் தரும் பரிசோதனை எதுவும் கிடையாது. எனக்கும் அந்த உத்தரவாதம் இல்லை, உங்கள் மருத்துவருக்கும் இல்லை. இரண்டுக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்த்தால்தான் வழி பிறக்கும்.

"ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத பேச்சு. வலி இருக்கிறது, உப்புசம் இருக்கிறது, கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. கேமராவில் புண்ணோ கட்டியோ தெரியவில்லை என்பதற்கு ஒரே அர்த்தம்தான்: குடலின் அமைப்பு சரியாக இருக்கிறது. அது வேலை செய்யும் விதத்தையும், அங்கிருந்து மூளைக்குச் சேதி போகும் விதத்தையும் எந்தக் கேமராவும் படம் எடுப்பதில்லை.

அந்தச் சேதிப் போக்குவரத்து சாதாரணமானதல்ல. குடல் சுவரிலேயே 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் கிட்டத்தட்ட 80 சதவீதம் கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகின்றன. மேலிருந்து கீழே வருவதும் சளைத்ததல்ல. 1940களில் அமெரிக்காவில் தாமஸ் ஆல்மி என்ற மருத்துவர் செய்த ஒரு சோதனை இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத ஒன்று. ஒரு மருத்துவ மாணவரின் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புற்றுநோய் தென்படுவதாக அவர் காதில் விழும்படி பேசினார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணெதிரே குடல் இறுகிச் சுருங்கியது. சும்மா சொன்னோம் என்றதும் தளர்ந்தது. அந்த மாணவருக்கு நோய் எதுவும் இல்லை, ஆனால் சுருக்கம் நிஜம். நீங்கள் இரவு இரண்டு மணிக்குத் தேடல் முடிவுகளைப் படிக்கும்போது, ஆல்மி அந்த மாணவருக்குச் செய்ததை உங்களுக்கு நீங்களே செய்துகொள்கிறீர்கள்.

அடுத்தது உணர்திறன். குடல் எரிச்சல் நோய், அதாவது ஐபிஎஸ் உள்ளவர்களின் பெருங்குடலுக்குள் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்க்கும் ஆய்வுகள் 1970களிலிருந்தே நடந்திருக்கின்றன. மற்றவர்களுக்கு வெறும் அழுத்தமாகத் தெரியும் அளவு, இவர்களில் பலருக்கு வலியாகத் தெரிந்தது. வாயுவின் அளவு பெரும்பாலும் எல்லோருக்கும் உள்ளதுதான், அதை உணரும் அளவுதான் கூடிவிடுகிறது. உங்கள் கதையில் இதற்குத் தெளிவான ஆரம்பப் புள்ளியும் இருக்கிறது: அந்த ஒரு வாரப் பேதி. குடல் தொற்று வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, கிருமி போன பிறகும் இந்த மாதிரி தொந்தரவு தங்கிவிடுகிறது. கனடாவில் வாக்கர்ட்டன் என்ற ஊரில் 2000-ம் ஆண்டு குடிநீரில் கிருமி கலந்து 2,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். அந்த ஊர்க்காரர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் நிறையப் பேருக்கு ஐபிஎஸ் அறிகுறிகள் இருந்தன. எட்டு ஆண்டுகள் ஆனபோது அந்த விகிதம் பாதியளவுக்கு இறங்கியிருந்தது. மெதுவாகத்தான், ஆனால் இறங்கியது. அவர்களுக்குத் தொந்தரவைத் தொடங்கி வைத்தது "மனசு" அல்ல, கிருமி என்பதையும் கவனியுங்கள்.

உங்களுக்கு ஐபிஎஸ்தான் என்று நான் இங்கிருந்து முத்திரை குத்த முடியாது. ஆனால் அது "வேறெதுவும் கிடைக்கவில்லை, அதனால் இது" என்று ஒட்டப்படும் பெயர் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். இதைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016-ல் வெளியான ரோம் அளவுகோல் இப்படிச் சொல்கிறது: கடைசி மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி, அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புள்ளதாகவோ, மலம் போகும் தடவை மாறியதோடு சேர்ந்தோ, மலத்தின் பதம் மாறியதோடு சேர்ந்தோ இருக்க வேண்டும், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும், தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இந்த வகைக் கோளாறுகளுக்கே குடல்-மூளைத் தொடர்புக் கோளாறுகள் என்று அப்போது பெயர் மாற்றினார்கள். 2021-ல் வெளிவந்த, 33 நாடுகளில் நடந்த ஆய்வில், இணையம் வழியாகப் பதில் சொன்னவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. உங்கள் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: "எனக்கு என்ன இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். என்ன இருக்கிறது?" பெயர் தெரிந்தாலே பலருக்குப் பாதி பாரம் இறங்கும்.

சரி, எப்போது தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்? மலத்தில் ரத்தம், அல்லது தார் போலக் கறுத்த மலம் (இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுக்க வைக்கும், அதை நினைவில் வையுங்கள்). வழக்கம்போலச் சாப்பிட்டும் குறையும் எடை. தூக்கத்திலிருந்தே எழுப்பிவிடும் பேதி அல்லது வலி. விழுங்கும்போது அடைப்பது. நிற்காத வாந்தி, விடாத காய்ச்சல், மஞ்சள் காமாலை, ரத்தசோகை. 50 வயதை நெருங்கியோ தாண்டியோ முதல்முறையாக மலப்பழக்கம் மாறுவது. அதே வயதில் பெண்களுக்குப் புதிதாக வந்து போகாமல் தங்கும் உப்புசம். நெருங்கிய ரத்த உறவில் குடல் புற்றுநோய், குடல் அழற்சி நோய், சினைப்பைப் புற்றுநோய் யாருக்காவது இருப்பது. இவை அவசர சிகிச்சைக்கானவை: திடீரென்று தாங்க முடியாத வலி, வயிறு பலகை போல் விறைப்பது, ரத்த வாந்தி, வயிறு வீங்கி வாந்தியோடு வாயுவும் பிரியாமல் போவது. மேல்வயிற்று வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது இதயமாக இருக்கலாம், ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள்.

இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், பதற்றத்தில் இருப்பவருக்கு எல்லா அறிகுறியும் எச்சரிக்கை அறிகுறியாகவே தெரியும். முடிவெடுக்க வேண்டியது இந்தத் தாள், அன்றைய மனநிலை அல்ல. தாளில் இருப்பது வந்தால் உடனே போங்கள், "பயத்தில் பேசுகிறோமோ" என்று வெட்கப்படவே வேண்டாம். நோய்ப் பயம் உள்ளவர்களுக்கும் நிஜமான நோய் வரும். தாளில் இல்லாதது வந்தால் இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

எடையைப் பற்றி. 3 கிலோ குறைந்ததை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதோடு, எவ்வளவு சாப்பாட்டைக் குறைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இணையத்தில் படித்ததை வைத்துப் பாலை நிறுத்தி, கோதுமையை நிறுத்தி, வெங்காயத்தை நிறுத்தி, இரவு உணவையும் பாதியாக்கியவருக்கு எடை குறைவதில் மர்மம் எதுவும் இல்லை. பதற்றம் பசியையும் அடக்கும். நான்கு வாரம் வயிறு நிறையச் சாப்பிட்டுப் பாருங்கள். எடை ஏறினால் விடை கிடைத்துவிட்டது. முழுதாகச் சாப்பிட்டும் இறங்கிக்கொண்டே போனால், அது புதிய தகவல், அப்போது மருத்துவர் மீண்டும் தேடுவதில் நியாயம் இருக்கிறது. எடை பார்ப்பதும் வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் போதும். தண்ணீர், உப்பு, குடலில் இருப்பது என்று ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல்கூட ஏறி இறங்கும், அதைப் பார்த்துப் பதறுவது வீண்.

இப்போது பயத்துக்கு வருவோம். இதில் நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் வழக்கமாக ஆலோசனை அறையில் யாரும் இதைப் பேசுவதில்லை.

பயப்படுகிறவர் செய்யும் முதல் வேலை தடவிப் பார்ப்பது. காலையில் எழுந்ததும் படுத்தபடியே வயிற்றை அமுக்கிப் பார்ப்பீர்கள். அங்கே என்னவெல்லாம் தட்டுப்படும் தெரியுமா? நெஞ்செலும்பின் கீழ்நுனியில் சிறிய கெட்டியான ஒரு முனை இருக்கும், அது எல்லோருக்கும் உள்ள எலும்பு முனை. அதைக் கட்டி என்று நினைத்து ஓடி வருகிறவர்கள் நிறையப் பேர். தொப்புளுக்கு மேலே துடிப்பது மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், ஒல்லியானவர்களுக்கு நன்றாகவே தெரியும். இடது அடிவயிற்றில் கயிறு போல உருளுவது மலம் நிறைந்த பெருங்குடல். ஒரே இடத்தைத் தினமும் இருபது தடவை அமுக்கினால் அங்கே தசை வலிக்கும். அந்த வலி அடுத்த நாள் புதிய ஆதாரமாகிவிடும்.

இரண்டாவது, மலத்தை ஆராய்வது. இதைப் பற்றி வெளியே பேசக் கூச்சம், அதனால் தனியாகப் பயந்து சாகிறார்கள். வெளிப்படையாகவே சொல்கிறேன். நாளுக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை வரை எதுவும் இயல்புதான். சோளத்தோல், தக்காளித்தோல், விதை அப்படியே வருவது செரிமானம் கெட்டதால் அல்ல, மனிதக் குடலால் அந்த நார்ப்பொருளை உடைக்க முடியாது. பச்சை நிறம் பெரும்பாலும் குடல் வேகமாக நகர்ந்ததைக் காட்டும், பித்தநீர் பழுப்பாக மாற நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் சளி போவதும் சாதாரணம். மலம் மிதந்தால் கொழுப்பு செரிக்கவில்லை, கணையம் போச்சு என்று இணையம் சொல்லும். 1972-லேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மிதக்கும் மலத்தை அழுத்தத்தில் வைத்து உள்ளிருக்கும் வாயுவைச் சுருக்கினதும் அது மூழ்கியது, காரணம் வாயு. நாளுக்கு பத்து, இருபது தடவை வாயு பிரிவதும் ஆரோக்கியமான குடலின் வேலைதான். சாப்பிட்டதும் கழிவறைக்குப் போகத் தோன்றுவது, சாப்பாடு அதற்குள் வெளியே வருவதாக அர்த்தமில்லை. இரைப்பை நிரம்பினால் பெருங்குடல் சுருங்கும், பிறந்த குழந்தைக்கும் இது உண்டு. வெளியே வருவது நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்டது. ஆகவே "இன்றைக்குச் சாப்பிட்டது எது ஒத்துக்கொள்ளவில்லை" என்று மலத்தை வைத்துத் துப்பறிந்து ஒவ்வொரு உணவாக விலக்கியதில் பாதி தப்புக்கணக்கு.

மூன்றாவது, உறுதிமொழி கேட்பது. மருத்துவரிடம், மனைவி அல்லது கணவரிடம், நண்பர்களிடம், தேடுபொறியிடம். "எனக்கு ஒன்றுமில்லைதானே?" என்று கேட்டு, "ஒன்றுமில்லை" என்று பதில் வந்ததும் மூச்சு இலகுவாகும். ஒரு மணி நேரம் கழித்து, "அவருக்கு நான் அந்த விஷயத்தைச் சொல்லவில்லையே" என்று தோன்றும். தேமலைச் சொறிவது மாதிரி: சொறியும்போது சுகம், கையை எடுத்ததும் முன்னைவிட அதிகமாக அரிக்கும். பால் சல்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1986-லேயே இதை விளக்கினார்கள். நோய்ப் பயத்தைத் தக்கவைப்பதே திரும்பத் திரும்பத் தேடும் இந்த ஆறுதல்தான் என்பது அவர்கள் வாதம். பரிசோதனைகளும் இதே கதைதான். தீவிர நோய்க்கான வாய்ப்பு குறைவாக உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்தால் பயம் தணிகிறதா என்று, சுமார் 3,800 பேரை உள்ளடக்கிய 14 ஆய்வுகளைச் சேர்த்து 2013-ல் அலசினார்கள். நோய் பற்றிய கவலை குறைந்ததாகத் தெரியவில்லை. அதோடு ஒவ்வொரு ஸ்கேனிலும் சின்னச் சின்ன நீர்க்கட்டி, பித்தப்பையில் ஒரு புள்ளி, லேசான கொழுப்புக் கல்லீரல் என்று ஏதாவது வரும். வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது, ஆனால் அடுத்த ஆறு மாதத் தூக்கம் போய்விடும்.

தேடுபொறியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 2009-ல் ரையன் வைட், எரிக் ஹார்விட்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சாதாரண அறிகுறிகளைத் தேடுகிறவர்கள் எப்படிப் படிப்படியாகக் கொடிய, அரிய நோய்களின் பக்கங்களுக்கு இழுபட்டுப் போகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். காரணம் எளிமையானது. இணையத்தில் ஒரு நோயைப் பற்றி எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கும், அது எவ்வளவு பேருக்கு வருகிறது என்பதற்கும் தொடர்பில்லை. உப்புசம் வந்து தானாகப் போனவர்கள் யாரும் உட்கார்ந்து அதைப் பற்றி எழுதுவதில்லை.

ஆக, செய்ய வேண்டியது என்ன? அறிகுறி பற்றித் தேடுவதை நிறுத்துங்கள். குறைத்துக்கொள்கிறேன் என்பது வேலைக்கு ஆகாது, இரவு இரண்டு மணிக்கு "இது ஒன்று மட்டும்" என்பதற்கு எல்லை கிடையாது. படுக்கையறைக்கு வெளியே போனை வையுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு என்று ஒதுக்குங்கள். முதல் வாரம் பயம் கூடும். கூடத்தான் செய்யும், பழகிய ஊன்றுகோலை எடுத்துவிட்டோமே. அது கூடி, உச்சிக்குப் போய், நீங்கள் எதுவும் செய்யாமலே இறங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டீர்களானால், அடுத்த முறை கொஞ்சம் துணிவு வரும்.

தடவிப் பார்ப்பதைப் படிப்படியாகக் குறைக்கலாம். அமுக்கிப் பார்க்கத் தோன்றும்போது அரை மணி தள்ளிப் போடுங்கள். அரை மணி கழித்தும் தோன்றினால் இன்னொரு அரை மணி. பாதி தடவை மறந்தே போய்விடும். கழிவறையில், எழுந்து தண்ணீர் விடுவதோடு வேலை முடிந்தது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ரத்தம் இருந்தால் பெரும்பாலும் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும், குனிந்து ஆராய்ச்சி செய்ய அவசியமில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. "ஒன்றுமில்லை" என்று பத்தாவது தடவை சொல்வது அன்பு மாதிரித்தான் தெரியும், ஆனால் அது அரிப்புக்குச் சொறிந்துவிடுவதுதான். நீங்களே அவர்களிடம் சொல்லி வையுங்கள்: "நான் கேட்டால் பதில் சொல்லாதே. பயமாக இருக்கிறதா என்று மட்டும் கேள், கொஞ்ச நேரம் கூட இரு." கோபத்தில் பதில் சொல்லாமல் இருப்பது வேறு, பேசி வைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பது வேறு.

அப்புறம் ஒரு சோதனை. உளவியல் சிகிச்சையில் இதை இரண்டு விளக்கங்களை எதிரெதிரே வைப்பது என்பார்கள். முதல் விளக்கம்: எல்லாப் பரிசோதனைக்கும் தப்பிய ஒரு கொடிய நோய் உள்ளே வளர்கிறது. இரண்டாவது: தொற்றுக்குப் பின் உணர்திறன் கூடிய குடல், அதைப் பற்றிய பயம், அந்தப் பயத்தால் இன்னும் இறுகும் குடல். ஒவ்வொன்றும் உண்மையானால் என்ன நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். எட்டு மாதமாக வளரும் நோயானால், வலி பொதுவாகக் கூடிக்கொண்டே போக வேண்டும், சுவாரசியமான வேலையில் மூழ்கிய நாளில் காணாமல் போகக்கூடாது. இரண்டாவது விளக்கமானால், தேடிய இரவுக்கு மறுநாள் மோசமாகவும், மனம் வேறெங்கோ இருந்த நாளில் இலகுவாகவும் இருக்க வேண்டும். இரண்டு வாரம் தேடாமல், தடவாமல் இருந்து, நாளுக்கு ஒரே ஒரு வரி குறித்துப் பாருங்கள். ஒரு வரிக்கு மேல் வேண்டாம், மணிக்கணக்கில் அறிகுறி டைரி எழுதுவது தடவிப் பார்ப்பதன் இன்னொரு வடிவம்தான். எது பொருந்துகிறது என்று நீங்களே சொல்வீர்கள்.

வயிற்றுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும், பயத்தைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கரையும் வகை நார்ச்சத்து, அதாவது இசப்கோல், சிறு அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றினால் பலருக்கு மலத்தின் பதம் சீராகும். ஒரேயடியாக நிறைய எடுத்தால் உப்புசம்தான் கூடும். குடல் பிடிப்பைத் தளர்த்தும் மாத்திரைகளும், குடலில் கரையும் புதினா எண்ணெய்க் கேப்சூலும் உண்டு. காபி, வாயு அடைத்த பானங்கள், சர்க்கரைக்குப் பதிலாகச் சார்பிடால் சேர்த்த சூயிங்கம் ஆகியவற்றைக் குறைத்துப் பாருங்கள். சூயிங்கம் மெல்வதும் பதற்றத்தில் அவசரமாக மூச்சு வாங்குவதும் காற்றை விழுங்க வைக்கும், பிறகு ஏப்பமும் உப்புசமும்தான். வயிறு எழும்பி இறங்கும்படி மெதுவாக மூச்சு விடுவது இதற்கு நேரடியாகவே உதவும்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான குறைந்த ஃபாட்மேப் உணவுமுறை (சரியாக உறிஞ்சப்படாமல் குடலில் நொதித்து வாயு உண்டாக்கும் சில வகைச் சர்க்கரைகளைக் குறைப்பது) ஐபிஎஸ் உள்ள பலருக்குப் பலன் தருகிறது. ஆனால் அது சில வாரங்கள் மட்டும் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் முறை. நிறையப் பேர் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஏற்கெனவே உணவைக் கண்டு பயந்து எடை இழந்திருக்கும் உங்களுக்கு, உணவியல் நிபுணர் துணையில்லாமல் அதை நான் சொல்ல மாட்டேன். ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து "உங்களுக்கு ஒவ்வாத 40 உணவுகள்" என்று பட்டியல் தரும் பரிசோதனையில் பணத்தைப் போடாதீர்கள். ஒரு உணவுக்கு ஐஜிஜி இருப்பது அதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதைக் காட்டலாம், அது ஒவ்வாமைக்குச் சான்று அல்ல.

முதல்கட்ட மருந்துகள் போதாவிட்டால், குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மனச்சோர்வுக்கான பழைய மருந்து அது. ஆனால் 10 முதல் 30 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் குடலின் வலி உணர்வைத் தணிக்கிறது. 2023-ல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வு அது ஐபிஎஸ்-க்கு உதவுவதைக் காட்டியது. அதைக் கொடுத்தால் "என்னைப் பைத்தியம் என்கிறாரா" என்று நினைக்க வேண்டாம். குடலை நோக்கிய ஹிப்னோசிஸ் சிகிச்சையும் கேலிக்குரியதல்ல. 1984-ல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் முதல் ஆய்வை வெளியிட்டதிலிருந்து அதற்குச் சான்றுகள் சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன.

மருத்துவர் விஷயத்தில் ஒரு யோசனை. ஒருவரையே பிடித்துக்கொள்ளுங்கள். புதியவரிடம் போகும் ஒவ்வொரு தடவையும் பரிசோதனைகள் ஆரம்பத்திலிருந்து தொடங்கும். அறிகுறி வரும்போதெல்லாம் ஓடாமல், ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை என்று தேதி வைத்துக்கொண்டு, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போங்கள். "என்ன மாற்றம் வந்தால் நீங்கள் மறுபடியும் பரிசோதிப்பீர்கள்?" என்று கேட்டு, அவர் சொல்வதை முன்னால் சொன்ன தாளில் சேருங்கள்.

இவ்வளவும் தனியாக முடியவில்லை என்றால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு மேல் நோய்ப் பயம் மனதை ஆட்டிப்படைத்தால் அதற்கென்றே சிகிச்சை இருக்கிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சையான அறிதிறன் நடத்தை சிகிச்சை, சுருக்கமாக சிபிடி, இதற்கு நன்றாகச் சோதிக்கப்பட்டது. பிரிட்டனில் பீட்டர் டைரர் குழு, மருத்துவமனைகளின் இதயம், குடல், நரம்பு போன்ற பிரிவுகளுக்கு வந்த 444 பேரிடம் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. ஐந்து முதல் பத்து அமர்வுகள்தான். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், பயம் இயல்பு அளவுக்கு இறங்கியவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு, பலன் ஐந்து ஆண்டு வரை நீடித்தது. எல்லோரும் முழுதாகக் குணமானார்கள் என்று சொல்ல முடியாது, பலருக்குப் பயம் குறைந்து வாழ்க்கை நடத்த முடிந்தது. சாப்பிடவே முடியாத அளவுக்குப் பயம் போனாலோ, வேலைக்குப் போக முடியாமல் முடங்கினாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்ற ஆரம்பித்தாலோ, அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அவர் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை தரலாம், நோய்ப் பயத்துக்கு அவை பயன்படுகின்றன. உங்களைப் போன்றவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது: அந்த மாத்திரைகள் குடலிலும் வேலை செய்யும், ஏனென்றால் அவை செயல்படுவது செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் மீது, உடலில் அதன் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது. முதல் ஓரிரு வாரங்களில் குமட்டலும் இளக்கமான மலமும் வரலாம், பதற்றமும் சற்றுக் கூடலாம். நோய் முற்றுகிறது என்று பயந்து நான்காவது நாளே மாத்திரையைத் தூக்கி எறிகிறவர்கள் பலர். பெரும்பாலும் அது தானாக அடங்கிவிடும், பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தாங்க முடியவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்தவரையே கூப்பிட்டு அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.